கெஜத்துக்குக் காலணா

காவிரியின் துணையாறுகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். பவானி, நொய்யல், அமராவதி. மேற்கே மலையில் பிறந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் காவிரியில் கலந்து, முக்கொம்பும் கல்லணையும் கடந்து, குடந்தை வழியாக நமது திருவிடைமருதூருக்கு அந்த நீர் வந்து சேர்கிறது என்று சொல்லி முடித்தோம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

“சார், நொய்யல்லதான் சாயத் தண்ணி விட்டாங்களாமே... அதுவும் நம்ம ஊருக்குத்தானே வரும்?”

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவன் உழவர் வீட்டுப் பிள்ளை. அவன் சட்டைக்குள் இருந்த பனியன் திருப்பூரில் பின்னியது. அவனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவனின் தந்தை, கூப்பிடு தொலைவில் உள்ள திருபுவனத்தில் பட்டுத்தறி நெய்பவர். ஆற்று நீரும், வயலும், தறியும், பனியனும் ஒரே பலகையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டன. “வரும்” என்றோம். “வந்து என்ன செய்யும், அதற்கு யார் பொறுப்பு என்பதைப் படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறோம்” என்றோம். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஆடை நாகரிகம் என்று ஒரு வாணிகம் உலகில் நடக்கிறது. பருவத்துக்கு ஒரு நிறம், திங்களுக்கு ஒரு வெட்டு. சென்ற ஆண்டுச் சட்டை கிழியவில்லை, சாயம் போகவில்லை, உடம்புக்கும் பொருந்துகிறது. ஆயினும் அதை உடுத்த வெட்கப்பட வைப்பதே அந்த வாணிகத்தின் மூலதனம். இது நீடிக்குமா, நிலம் தாங்குமா, நீர் தாங்குமா என்று இன்று மேலை நாட்டார் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்ல வருவோரில் ஒரு சாரார், “எளிமையாக உடுத்துங்கள், பழைய காலத்தில் நான்கு முழம் போதவில்லையா?” என்று உபதேசம் செய்கிறார்கள். அவர்களோடு முதலில் கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம்மூர்க் கோயில் வாயில்களைக் காட்டிப் பட்டினத்தார் கதையும் பத்திரகிரியார் கதையும் சொல்வார்கள். ஒருவர் செல்வத்தை உதறினார், மற்றவர் அரசை உதறினார். இருவரும் கந்தைக்கு வந்தனர் என்பது கதை. உதறுவதற்கு இருந்தவர்கள் உதறினார்கள். உதறுவதற்கு ஒரு முழத் துண்டும் இல்லாதவர்கள் கதையை எந்த வாயிலில் சொல்கிறார்கள்?

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டனர். அந்தச் சீலை தெருவில் வைத்துக் கிழிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் நீண்ட போராட்டம் அது. 1859 சூலை 26 அன்றுதான் அரசர் உத்திரம் திருநாள் உரிமை வழங்கி அறிவிப்பு விடுத்தார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. நம் தஞ்சைத் தரணியோ அதற்குக் குறைந்ததன்று. பண்ணையாளின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. தோளில் துண்டு ஏறக் கூடாது. ஏறினாலும் ஆண்டையைக் கண்டவுடன் கக்கத்துக்கு இறங்கிவிட வேண்டும். மீறினால் சாணிப்பால், சவுக்கடி. நெல்லால் நாட்டையே மூடியவனுக்குத் தன் தோளை மூட உரிமையில்லை!

ஆதலால், மலிவுத் துணி ஏழையின் வீட்டுக்கு வந்ததை நாம் பழிக்கமாட்டோம். ஆலைத் துணி மலிந்தபோதுதான் சேரியில் சட்டை ஏறியது. சட்டை ஏறியபோது முதுகு நிமிர்ந்தது. கருஞ்சட்டை இந்நாட்டில் என்ன செய்தது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் நல்ல உடை வேண்டும், போதிய உடை வேண்டும். அந்த உடைக்கு உரிய விலையை யார் கொடுக்கிறார்கள், யார் கொடுக்காமல் தப்புகிறார்கள் என்பது மட்டுமே நமது வழக்கு.

இந்த வழக்குப் புதியதும் அன்று. அவுரிச் செடியிலிருந்து நீலம் எடுத்த காலத்தைச் சிலர் பொற்காலம் என்கிறார்கள். செடியில் பிறந்த சாயம், மண்ணுக்குக் கேடில்லை என்கிறார்கள். உண்மைதான், மண்ணுக்கு அவ்வளவு கேடில்லை. மனிதனுக்கு? வங்கத்து உழவன் நெல் விதைக்க வேண்டிய நிலத்தில் அவுரி விதைக்கும்படி வெள்ளைத் தோட்டக்காரர்கள் முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டார்கள். பொறுக்கமாட்டாமல் 1859இல் அவன் கிளர்ந்தெழுந்தான். சம்பாரணில் காந்தியார் 1917இல் கால் வைத்ததும் இதே நீலத்துக்காகத்தான். இயற்கைச் சாயம் என்ற பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் அந்த உழவனின் முதுகையும் ஒருமுறை பார்க்கட்டும்.

பிறகு வந்தது வேதியியல். 1856இல் இலண்டனில் பதினெட்டு வயது இளைஞன் பெர்க்கின், மலேரியாவுக்கு மருந்து தேடி ஆய்வு செய்தபோது, கரிநெய்ப் பொருளிலிருந்து ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. மருந்து கிடைக்கவில்லை, மன்னர்கள் மட்டுமே உடுத்திய நிறம் கடைத்தெருவுக்கு வந்தது. 1897இல் செருமானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அவுரித் தோட்டங்கள் அதன்பின் தேய்ந்தன. 1941இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழை பிறந்தது. பருத்தியும் வேண்டாம், புழுவும் வேண்டாம், எண்ணெயிலிருந்தே நூல்! இவை யாவும் அறிவின் வெற்றிகள். அறிவைப் பழிப்பது நம் வேலையன்று. ஆனால் அறிவு கண்டுபிடித்த சாயத்தை அறியாமையோடு ஆற்றில் கொட்டியது யார் என்று கேட்பது நம் வேலை.

இனி நம்மூருக்கு வருவோம்.

குடந்தையிலிருந்து மருதூருக்கு வரும் சாலையில் இருக்கிறது திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயிலைப் பார்க்க வருவோர் பலர். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறிச் சத்தத்தைக் கேட்க வருவோர் சிலர். சௌராட்டிர நெசவாளர் பெருமளவில் வாழும் ஊர். பாவு ஓட்டுபவர், இழை சுற்றுபவர், சாயம் ஏற்றுபவர், நெய்பவர் என்று ஒரு புடவைக்குப் பின்னால் ஒரு தெருவே இருக்கிறது. விசிறி மடிப்பு என்பது இவ்வூர்ப் புடவையின் அடையாளம். கடையில் அதை விரித்துக் காட்டும்போது கண் கூசும். நெய்தவர் வீட்டில் மாட்டியிருக்கும் புடவையைப் பார்த்தால் கண் கலங்கும். அது சூரத்திலிருந்து வந்த பாலியெஸ்டர்.

நெசவாளியின் இந்த நிலை இன்று நேற்று வந்ததன்று. 1952, 53ஆம் ஆண்டுகளில் கைத்தறித் தொழிலே படுத்துவிட்டது. நெய்த துணி வீட்டில் தேங்கியது. நூல் வாங்கக் காசில்லை. தமிழ்நாட்டு நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. நாட்டுக்கு ஆடை கொடுத்தவன் கையில் தகரக் குவளை ஏந்தி வரிசையில் நின்றான். அப்போதுதான், 1953இன் தொடக்கத்தில், அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றனர். திருச்சித் தெருக்களில் அண்ணா விற்றார். காஞ்சியில் நெசவாளர் மரபில் பிறந்த அவருக்குத் தறியின் வலி ஏட்டில் படித்த வலியன்று. அந்த விற்பனையால் எல்லாத் தேக்கமும் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. ஆனால் கைத்தறி வாங்குவது பிச்சையிடுவது போன்றதன்று, கடமை என்ற எண்ணம் படித்த இளைஞர்களிடையே பரவிற்று.

எதிர் அணியில் இருந்தவர் சொன்னதிலும் சரியானதைச் சரி என்று சொல்வதே பகுத்தறிவு. அன்றைய முதலமைச்சர் ஆச்சாரியார், வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே ஒதுக்கித் தர வேண்டும் என்று நடுவண் அரசைக் கேட்டார். கேட்டது சரி. ஆனால் அதே ஆச்சாரியார்தான் அதே 1953இல், பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் படித்து, மறு அரை நாள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று குலக்கல்வித் திட்டத்தையும் கொண்டுவந்தார். தறியைக் காப்பது வேறு. தறிக்குப் பிறந்தவன் என்று பிள்ளையைத் தறிக்குழியில் இறக்குவது வேறு. இந்த வேற்றுமையை அன்று தமிழ்நாடு புரிந்துகொண்டது. திட்டம் 1954இல் காமராசர் ஆட்சியில் ஒழிந்தது. இன்றும் கைத்தறியின் பெருமை பேசும் சிலர், நெசவாளியின் மகன் பொறியியல் படிக்கப் போவதைக் கண்டு, “கலை அழிகிறதே” என்று கண்ணீர் வடிக்கிறார்கள். தம் பிள்ளையைத் தறியில் உட்கார வைத்துவிட்டு அவர்கள் அழட்டும், கேட்போம்.

1953இல் நடந்த இன்னொன்றைப் பலர் மறந்துவிட்டனர். நமது கட்டுரையின் தலைப்பே அதுதான். ஆலைத் துணியின் மீது கெஜத்துக்கு மூன்று தம்பிடி கூடுதல் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட நடுவண் அரசு சட்டம் செய்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி என்றிருந்த காலம். மூன்று தம்பிடி என்பது காலணா. ‘காலணாப் பெறாதது’ என்று வசைமொழியில் வருமே, அந்தக் காலணா. அதை ஆலைத் துணி வாங்குபவன் உணரக்கூட மாட்டான். ஆனால் அந்தக் காலணாவில் ஒரு நீதி இருந்தது. மலிவாக விற்பதால் எவன் வாழ்வு கெடுகிறதோ, அவனுக்கு ஒரு பங்கை அந்த மலிவே தர வேண்டும் என்ற நீதி. விலைச் சீட்டில் இல்லாத செலவை விலைச் சீட்டில் ஏற்றிய செயல் அது.

அந்தப் பணத்தின் துணையோடு நாடெங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. திருபுவனத்தில் 1955இல் தொடங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நிற்கிறது. நூலும் சரிகையும் கொடுத்து நெய்த புடவையை வாங்கிக்கொள்ளும் வணிகன் வைத்ததுதான் கூலி என்றிருந்த நெசவாளிக்கு, கேட்டுப் பெற ஓர் இடம் கிடைத்தது. 1985இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி நடுவண் அரசு சட்டம் செய்தது. ஆலைக்காரர்களும் விசைத்தறிக்காரர்களும் வழக்காடினர். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிறகோ, 22 வகை என்றிருந்த பட்டியல் 11 வகையாகச் சுருங்கிற்று. சுருங்கியதிலும் விசைத்தறி புகுந்து விளையாடுகிறது.

2019இல் திருபுவனம் பட்டுப்புடவைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம். மறு ஆண்டு, 2020 சூலை 27 அன்று, 1952 முதல் பெயர் விளங்கி வந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை நடுவண் அரசு கலைத்தது. பதினோரு நாள் கழித்து, ஆகஸ்டு 7 அன்று, தேசியக் கைத்தறி நாளைக் கொண்டாடியது! கருமாதிக்கு முன்பே பிறந்தநாள் விழா நடத்திய வீடு இது ஒன்றுதான் போலும்.

கைத்தறியைப் பற்றி இவ்வளவு சொன்னதால், பட்டு எல்லாம் பழுதற்றது என்று எவரும் கொள்ள வேண்டாம். பட்டுக்கு ஏற்றுவதும் இன்று வேதிச் சாயமே. சாயத் தொட்டி நீர் எங்கே போகிறது என்ற கேள்வியைத் திருபுவனத்திலும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பட்டுப்புடவையின் ஆயுளை எண்ணிப் பாருங்கள். தாய் உடுத்தி, மகள் உடுத்தி, கிழிந்த பின் சிறுமிக்குப் பாவாடையாகி, கடைசியில் சரிகைக்காகப் பழம்புடவை வாங்குபவன் கைக்குப் போகிறது. நூல் புடவையும் அப்படியே: தூளியாகிறது, தலையணை உறையாகிறது, அடுப்படியில் பிடிதுணியாகிறது. நம் பாட்டிமார் எந்தச் சூழலியல் நூலையும் படித்து இதைச் செய்யவில்லை. துணி அருமையாக இருந்தது, அவ்வளவுதான். வறுமை கற்பித்த சிக்கனத்தை நாம் தத்துவமாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. பத்து ஆண்டு உழைக்கக்கூடிய துணி பத்து வாரத்தில் குப்பைக்குப் போவதைப் பெருமையென்று நினைக்காமல் இருந்தால் போதும்.

காவிரியின் மேற்கே செல்வோம்; மாணவனின் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவையைக் கடந்து, திருப்பூரின் நடுவே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. திருப்பூர் பனியன் ஊர். உழைப்பாளிகளின் ஊர். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். அதே பத்தாண்டில் அயல்நாட்டு வணிகம் பெருகிற்று. வெள்ளைப் பனியன் ஊர் வண்ணச் சட்டை ஊராயிற்று. வெள்ளைக்கு வெளுப்புப் போதும். வண்ணத்துக்குச் சாயம் வேண்டும். சாயத்துக்கு உப்பு வேண்டும்.

உப்பு ஏன் என்று கேட்கலாம். நீரில் நனைந்த பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை, ஒன்றையொன்று தள்ளும். நீரில் உப்பைக் கரைத்தால் அந்தத் தள்ளல் தணிந்து, சாயம் நூலில் போய் ஒட்டும். ஒட்டாத சாயமும், போட்ட உப்பு முழுவதும், கழிவு நீரோடு வெளியே வரும். நிறத்தை ஓரளவு நீக்கிவிடலாம். கரைந்த உப்பை நீக்குவது எளிதன்று. சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்த நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்; வாயில் வைத்தால் உப்பு. ‘சுத்திகரித்துவிட்டோம்’ என்று சொல்லி ஆற்றில் விட்டது இந்த நீரைத்தான்.

1992இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக் கழிவின் தொட்டியாயிற்று. சுற்றியிருந்த கிணறுகள் உப்பாயின. கால்நடைக்கும் அந்த நீர் ஆகவில்லை. இறுதியில், எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ அதே உழவர்கள், “அணையைத் திறக்காதீர்கள், எங்களுக்குத் தண்ணீர் வேண்டாம்” என்று மன்றாடும் நிலை வந்தது. காவிரிக் கடைமடையில் தண்ணீர் கேட்டு மறியல் செய்யும் நமக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. தண்ணீர் வேண்டாம் என்று ஓர் உழவன் சொல்ல வேண்டுமானால், அவன் என்னென்ன பார்த்திருக்க வேண்டும்!

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2006 திசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது: கழிவு நீரை முற்றாகச் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியேறாத நிலையைச் சாயப்பட்டறைகள் எட்ட வேண்டும்; அதுவரை வெளியே விடும் நீருக்கு லிட்டருக்கு 6 காசு தண்டம் கட்ட வேண்டும்; அது 8 காசாகவும் 10 காசாகவும் உயரும். 1953இல் கெஜத்துக்குக் காலணா. 2007இல் லிட்டருக்கு ஆறு காசு. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டு. நீதி ஒன்றேதான்: கெடுப்பவன் செலவைக் கெடுப்பவனே ஏற்க வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் பட்டறைகளின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தனர். 2009 அக்டோபர் 6 அன்று தோற்றனர். அதன்பின்னும் கழிவு நிற்கவில்லை. 2011 சனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி ஆணையிட்டது.

ஒரே நாளில் ஊர் ஓய்ந்தது. உழவன் பக்கம் நீதி இருந்தது, ஐயமில்லை. ஆனால் வேலையிழந்த சாயத் தொழிலாளி யார்? நேற்றுவரை உழவனாக இருந்தவன்தானே! வானம் பொய்த்து, நிலம் விற்று, பட்டறைக்கு வந்தவன் அவன். மூட்டை தூக்கிய கைக்கு வேலையில்லை. சட்டை வாங்கிய ஐரோப்பியனுக்கோ ஒரு குறையுமில்லை, அவனுக்கு வேறு ஊர் இருந்தது. நாம் எந்தப் பக்கம் என்று கேட்போருக்குச் சொல்கிறோம்: உழவன் பக்கமும் தொழிலாளி பக்கமும். இருவரையும் மோதவிட்டு மலிவாகச் சட்டை வாங்கிச் செல்கிறானே, கணக்கு அவனோடுதான்.

பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாற்றியமைக்கப்பட்டன. சவ்வுகள் வழியே நீரை அழுத்தி வடிகட்டி, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்து, நீரையும் உப்பையும் மீண்டும் சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறை திருப்பூரில் நடைமுறைக்கு வந்தது. சாயத் தொழிலையே இப்படித் திருத்தி அமைத்த ஊர்கள் உலகில் மிகச் சில. இரவில் திருட்டுத்தனமாகக் கழிவு விடும் பட்டறைகள் அவ்வப்போது பிடிபடுவது உண்டு. ஆயினும் செய்ய முடியும் என்பது செய்து காட்டப்பட்டுவிட்டது. விதியின் செயல் என்று எவரும் இனிச் சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சுவதற்கு விறகும் மின்சாரமும் வேண்டும், செலவு ஏறுகிறது. அந்தச் செலவுக்காகச் சட்டைக்கு ஒரு காசு கூட்டிக் கேட்டால், சீமை வணிகன் சுத்திகரிக்காத வேறு நாட்டைக் காட்டுகிறான். ஊருக்குத் தன் விளம்பரத்தில் மட்டும் ‘பசுமை ஆடை’ என்று எழுதிக்கொள்கிறான்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி கண்டார்கள். அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று பரவிற்று. பதின்ம வயதுப் பெண்ணை ஆலை விடுதியில் மூன்றாண்டு வைத்துக்கொள்வது. குறைந்த கூலி கொடுப்பது. முடிவில் திருமணத்துக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்வது. இடையில் நோய்வாய்ப்பட்டு வெளியேறினால் அந்தத் தொகையும் கையில் கிடைக்காத கொடுமையை எத்தனையோ பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பெயரைப் பாருங்கள், தோழர்களே! வரதட்சணை என்னும் நோய்க்குச் சுமங்கலி என்று பெயர் சூட்டி, அதைக் கொண்டே உழைப்பைத் திருடும் தந்திரம்! தென் மாவட்டங்களிலிருந்தும் நமது காவிரிப் படுகையிலிருந்தும் பெண்கள் போனார்கள். எதிர்ப்பு எழுந்தபின் பெயர் மாறிற்று. நம் வகுப்பில் முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரமே மேற்கே ஓர் ஆலைக்கு வண்டி ஏறிவிட்டாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுப்பவள். அவள் வீட்டுக்குப் போனோம். “அக்கா கல்யாணக் கடன் இருக்கு சார்” என்றார் தாய். நாம் என்ன சொல்வது? திரும்பி வந்தோம்.

வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். மேலை நாட்டுக் கடைகளுக்குச் சட்டை தைத்தவர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. அன்றைய கூலியை இழக்க முடியாதவர்கள் உள்ளே போனார்கள். ஏற்றுமதி நாளைத் தவறவிட முடியாதவர்கள் உள்ளே அனுப்பினார்கள். அதன் பிறகுதான் மேலை நாட்டு மக்கள் தம் சட்டைக் காலரைத் திருப்பி, எந்த நாட்டில் தைத்தது என்று படிக்கத் தொடங்கினார்கள் எனலாம்.

பிரான்சு நாடு 2007இல் ஒரு சட்டம் செய்தது. ஆடையைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனமே, அது பழசாகி எறியப்படும்போது ஆகும் செலவுக்கு ஆடைக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். விற்காமல் தேங்கிய புத்தாடையை எரித்தும் கிழித்தும் அழிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தடைவிதி செய்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது 2026 சூலை முதல் என்று நாளும் குறித்தது. நல்ல சட்டங்கள். பிரான்சுக்காரன் கட்டுவது என்ன? நமது பழைய காலணாதான், வேறு உடையில்! ஆனால் அந்தக் காலணா பாரிசுக் குப்பைக்குப் போகிறது. நொய்யல் கரைக் கிணற்றுக்கும், நூற்பாலை விடுதிப் பெண்ணுக்கும் அதில் பங்கில்லை. பங்கு கேட்கும் குரல் இங்கிருந்துதான் எழ வேண்டும்.

குரல் எழுப்பப் போகும் நாம் நம் வீட்டையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆடி மாதத்தில் நல்ல காரியம் செய்யக் கூடாது, புதுத்துணி எடுக்கக் கூடாது என்று சாத்திரம் பேசிய ஊர் இது. அந்த மூடநம்பிக்கையால் ஆடியில் கடை காற்று வாங்கிற்று. உடனே வணிகன் ‘ஆடித் தள்ளுபடி’ என்று பலகை மாட்டினான். இப்போது ஆடியில் குடந்தைக் கடைத்தெருவில் நடக்க இடமில்லை! வேண்டாம் என்றதும் மூடநம்பிக்கை, வேண்டாததை வாங்குவதும் இன்னொரு மூடநம்பிக்கை. நரகாசுரன் செத்த கதைக்கு ஆண்டுதோறும் வீட்டில் நால்வருக்கு நான்கு செட்டுத் துணி, வட்டிக்கு வாங்கி. திருநள்ளாற்றுக் குளத்தில் மூழ்கி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டால் சனி தொலையும் என்பது இன்னொரு வழக்கம். சனி தொலைந்ததா தெரியாது. துணி குளத்தில் கிடக்கிறது. திருப்பூர்க்காரன் சாயத்தை ஆற்றில் விட்டான் என்று கோபப்படும் அதே கை, பரிகாரம் என்று சொல்லிப் பாலியெஸ்டர் வேட்டியை நீரில் விடுகிறது.

மறு வாரம் வகுப்பில் அந்த மாணவனுக்கு நாம் சொன்னது இதுதான். நொய்யலின் கேடு பெரும்பாலும் நொய்யல் கரையிலேயே, திருப்பூருக்கும் கரூருக்கும் இடையிலேயே தங்கி, அங்குள்ள மண்ணையும் கிணற்றையும் கெடுத்தது. காவிரியில் வெள்ளம் போகும்போது அதில் கலப்பது கரைந்து மெலிந்துவிடும். மேட்டூர் மூடிக் கிடக்கும் கோடையில் அந்தச் சமாதானம் செல்லாது. ஆகவே நம் வயலுக்கு இன்றைக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. மேலே இருப்பவன் கிணறு கெட்டது நம் பனியனுக்காகவும்தான்.

“அப்ப பனியன் விலையில அதையும் சேத்துருக்காங்களா சார்?” என்றான்.

2011க்கு முன்பு சேர்க்கவில்லை, இப்போது ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது என்றோம். மீதி எவ்வளவு என்று கேட்டான். அதைக் கணக்குப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறோம்: ஒரு சட்டைக்கு நூல், பின்னல், சாயம், நீர், தையல் கூலி, கடை வாடகை, விளம்பரம். பக்கத்தில் இருந்த நெசவாளியின் மகன் தன் வீட்டுப் புடவைக்கு அதே கணக்கைப் போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரும் சனிக்கிழமை இருவரையும், இன்னும் பத்துப் பேரையும், திருபுவனத்துக்கு அழைத்துப் போகிறோம். காலை ஆறு மணிக்குத் தெருவில் பாவு ஓட்டுவார்களாம். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.